டார்ஜிலிங் பி வகை எஞ்சின் 009-ல் வருமா?

ஜனவரி 9 – ஒரு வாசகரின் கேள்வி

"பத்துப் பன்னிரண்டு வருஷமாக 009 என்ற மாடல் ரயில் அளவில் வேல்ஸ் எஞ்சின், டெவன் எஞ்சின் என்று வரிசையாக ரெடிமேடாக வருகிறது. நேரோ கேஜ், அதாவது குறுகிய ரயில் பாதை, என்றாலே உலகம் முழுக்க ஞாபகத்துக்கு வருவது டார்ஜிலிங்தானே? அதன் பி வகை நீராவி எஞ்சின் பெட்டியிலிருந்து எடுத்து ஓடவிடுகிற மாதிரி என் கண்ணில் படவே இல்லை. காத்திருக்கலாமா, பாகங்களாக வருகிற கிட் வாங்கிக் கட்ட ஆரம்பிக்கலாமா?"

ஜனவரி 10

காத்திருங்கள். வரும் என்றுதான் நம்புகிறேன், அதற்குக் காரணமும் வைத்திருக்கிறேன். இந்த அளவில் எஞ்சின் செய்கிற கம்பெனிகள் முதலில் பார்ப்பது, போய் லேசர் ஸ்கேன் எடுக்க ஒரு நிஜ எஞ்சின் பக்கத்தில் இருக்கிறதா என்பதை. பாக்மன் செய்த குவாரி ஹன்ஸ்லெட், டபுள் ஃபேர்லி, பீகோவும் கேட்டோவும் சேர்ந்து கொண்டுவந்த ஃபெஸ்டினியோக் சின்ன எஞ்சின்கள், எல்லாமே வேல்ஸில் இன்றைக்கும் நின்றுகொண்டிருக்கிற வண்டிகள். டார்ஜிலிங் பி வகையிலும் அப்படி ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. 19ஆம் எண், ஷார்ப் ஸ்டூவர்ட் கம்பெனி 1889-ல் கட்டியது. 1962-ல் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டு, பல வருஷம் கழித்து இங்கிலாந்துக்கு வந்து, ஆக்ஸ்போர்ட்ஷயரில் ஒரு தனியார் பாதையில் ஓடியது. ஸ்கேன் எடுக்க யாரும் சிலிகுரி வரைக்கும் போக வேண்டாம்.

இரண்டாவது, நிறம். ஒரே அச்சில் எத்தனை விதமாக விற்க முடியும் என்பதில்தான் லாபம் இருக்கிறது. பி வகையில் மொத்தம் 34 எஞ்சின். ஷார்ப் ஸ்டூவர்ட், நார்த் பிரிட்டிஷ், பால்ட்வின், திண்டாரியா பணிமனை என்று நாலு இடத்தில் கட்டினார்கள். பழைய பச்சை, சிவப்பு, இன்றைய நீலம், ஒவ்வொன்றுக்கும் தனி எண். விற்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஜனவரி 10, இரவு

சொல்ல விட்டுப்போனது. பாக்மன் பிரிட்டிஷ் மாடல்களை இப்போது வருஷத்துக்கு ஒரு தடவை அறிவிப்பதில்லை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அறிவிக்கிறார்கள். முன்பு ஒரு அறிவிப்பில் ஏமாந்தால் வருஷம் முழுக்கக் காத்திருக்க வேண்டும். இப்போது வருஷத்துக்கு நாலு தடவை நம்பிக்கை வைக்கலாம்.

ஜனவரி 13

ஸ்கேன் பற்றி நான் எழுதியதை ஒருவர் மடக்கிவிட்டார். சரியாகத்தான் மடக்கினார். ஹெல்யான் கம்பெனி 2010களின் நடுவில் டெவனின் லின்டன் – பார்ன்ஸ்டபிள் பாதைக்கு மானிங் வார்டில் என்ற கம்பெனி கட்டிய எஞ்சினைக் கொண்டுவந்தார்களே, அந்த எஞ்சின்களில் ஒன்றுகூட இன்று இல்லையே என்று கேட்டார். உண்மை. பாதை 1935-ல் மூடியது, லூ என்ற எஞ்சினை மறுவருஷம் கப்பலில் ஏற்றி பிரேசிலுக்கு அனுப்பினார்கள், மற்றவை பழைய இரும்பாகப் போயின. 2010-ல் ஃபெஸ்டினியோக் பணிமனையில் புதிதாகக் கட்டிய லிட் என்ற எஞ்சின் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். ஆனால் அதனால்தான் ஹெல்யான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்தப் பாதை மூடி இத்தனை காலம் ஆகியும் அதை நினைத்து ஏங்குகிற கூட்டம் இங்கிலாந்தில் பெரிது, அந்தக் கூட்டம் வாங்கும் என்று தெரிந்துதான் செய்திருப்பார்கள்.

அப்படியானால் டார்ஜிலிங்கை நினைத்து ஏங்குகிற கூட்டம் எவ்வளவு பெரிது? இங்கிலாந்தில் நிறையவே இருக்கிறார்கள். ரவுண்ட்ஹவுஸ் கம்பெனி தோட்டத்தில் ஓட்டுகிற நிஜ நீராவி அளவில், 32 மில்லிமீட்டர் டிராக்கில், பி வகையைச் செய்து விற்றிருக்கிறது. பேக்வுட்ஸ் மினியேச்சர்ஸ் 009-க்குப் பித்தளை கிட் கொண்டுவந்தது. பித்தளைத் தகட்டை மடித்து சால்டர் வைத்துக் கட்டுகிற பொறுமையும் கையும் எல்லோருக்கும் இருக்காது. எனக்கு இல்லை, ஒரு தடவை முயற்சி செய்து பாய்லரைக் கோணலாக்கியிருக்கிறேன். கிட் வாங்க ஆள் இருந்தார்கள் என்பதுதான் இதில் முக்கியம்.

ஜனவரி 14

009 என்றால் என்னவென்று இரண்டு பேர் தனியாகக் கேட்டார்கள். 1:76 அளவு, 9 மில்லிமீட்டர் டிராக். 9-ஐ 76-ஆல் பெருக்கினால் 684 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய 2 அடி 3 அங்குலம். வேல்ஸில் டாலிலின் பாதையின் நிஜ அகலம் அதுவேதான். டார்ஜிலிங் 2 அடி, அதனால் நம் டிராக் நிஜ அளவில் மூன்று அங்குலம் கூடுதல் அகலமாகிவிடும். கண்ணுக்குத் தெரியுமா என்றால், எனக்குத் தெரியவில்லை. துல்லியம் வேண்டும் என்பவர் 8 மில்லிமீட்டரில் கையால் டிராக் போட்டுக்கொள்ளலாம், ஆனால் கடையில் வாங்குகிற எஞ்சின் எதுவும் அதில் ஓடாது.

ஜனவரி 19

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. டார்ஜிலிங் பாதையில் அகோனி பாயின்ட் என்ற இடத்தில்தான் மிக இறுக்கமான வளைவு இருக்கிறது. அதன் ஆரம் 18 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதை 76-ஆல் வகுத்தால் 24 சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. பீகோ 009-க்கு விற்கிற ரெடிமேட் வளைவின் ஆரம் 228 மில்லிமீட்டர், 9 அங்குலம். வித்தியாசம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான்!

மற்ற ரயில்களை மாடலாகச் செய்யும்போது இடம் போதாமல் வளைவை ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கிப் பொய் சொல்கிறோம். டார்ஜிலிங்கில் பொய் சொல்லவே தேவையில்லை. அந்த மலையில் இடம் இல்லாமல் அவர்கள் செய்த சாமர்த்தியம்தான் நம் படுக்கையறையில் இடம் இல்லாமல் நாம் செய்ய வேண்டியதும். வண்டி முன்னே போய், நின்று, பின்னால் ஏறி, மறுபடி முன்னே போகிற அந்த இசட் ஏற்றம் ஒன்றை நாலடிப் பலகையில் வைத்துவிடலாம். இப்படி ஒரு பாதையை விட்டுவிட்டு வேறு எதைச் செய்வது?

ஜனவரி 27

நேரில் பார்த்ததைக் கேட்டிருந்தீர்கள். நான் போனது டார்ஜிலிங்கிலிருந்து கூம் வரைக்கும் போய்த் திரும்புகிற சுற்றுலா வண்டியில்தான், முழுப் பாதையும் போனதில்லை. எஞ்சின் ரொம்பச் சின்னது, பக்கத்தில் நின்றால் ஒரு டெம்போ உயரம்தான் தெரியும். ஆனால் அதைச் சுற்றி ஆட்கள்! முன்பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்து, சக்கரம் வழுக்குகிற இடத்தில் தண்டவாளத்தில் மணல் தூவுவதற்கு. மேலே ஒருவர் நிலக்கரியை உடைத்துக்கொடுக்க. டிரைவர், ஃபயர்மேன் தனி. எஞ்சினைவிட ஆட்கள்தான் கண்ணுக்குத் தெரிந்தார்கள். மாடல் வந்தால் அதோடு இந்த ஆட்களின் பொம்மைகளும் வர வேண்டும் என்பது என் ஆசை. மணல் தூவுகிறவர் இல்லாத பி வகை எனக்கு அரைகுறைதான்.

பிப்ரவரி 2

நூரம்பர்க் பொம்மைக் கண்காட்சி செய்திகளைப் பார்த்து யாரும் மனம் உடைய வேண்டாம். அங்கே நேரோ கேஜ் என்றால் பெரும்பாலும் ஆஸ்திரிய, சுவிஸ், சாக்சன் வண்டிகள்தான். அந்த ஊர்களில் அவை இன்னும் தினமும் ஓடுகின்றன, வாங்குகிறவர் சின்ன வயதில் ஏறிய வண்டியை வாங்குகிறார். ஜப்பானில் டோமிடெக் கம்பெனி 1:80 அளவில் 9 மில்லிமீட்டருக்கு நெகோயா என்று ஒரு கற்பனைப் பாதையையே உருவாக்கி, அதற்குக் குட்டி ரயில் பெட்டிகள் விற்கிறது. அதை முதலில் பார்த்தபோது பொறாமையாக இருந்தது. நிஜப் பாதை இல்லாமலே ஒரு கம்பெனிக்கு இத்தனை தைரியம் வருகிறது, நிஜப் பாதையை வைத்திருக்கிற நமக்கு ஒரு கம்பெனி இல்லை.

பிப்ரவரி 3

ஒருவர் பொறுமையாகப் பதில் எழுதியிருக்கிறார்: "ஜப்பானில் அவர்கள் தங்கள் ஊர்க் கடையில் வாங்குகிறார்கள். நாம் எத்தனை பேர் வாங்குவோம்?" என்னிடம் பதில் இல்லை. ஒரு 009 எஞ்சின் 200 பவுண்டைத் தாண்டுவது இப்போது சாதாரணம். இங்கே 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60-க்கு ஏற்றினார்கள். அதற்குப் பிறகு நான் வரவழைத்த ஒரு பார்சலுக்கு, உள்ளே இருந்த எஞ்சின் விலையில் பாதிக்கு மேல் கட்டணமாகவே கட்டினேன். பிரித்துப் பார்த்தால் பெட்டிகளை மாட்டுகிற முன் கப்ளிங் உடைந்து தனியாகக் கிடந்தது. அனுப்பிய கடை திருப்பி அனுப்பச் சொன்னது. திருப்பி அனுப்புகிற செலவுக்கு இன்னொரு பெட்டியே வாங்கலாம். கப்ளிங்கை நானே ஒட்டிக்கொண்டேன். இன்னும் பிடிக்கிறது.

பிப்ரவரி 11

கோயம்புத்தூர்க்காரன் டார்ஜிலிங்கைப் பற்றியே எழுதுகிறாய், நம்ம ஊட்டி ரயில் என்ன ஆயிற்று என்று கேட்ட அண்ணனுக்கு. கேட்டது நியாயம். ஊட்டி ரயிலைத் தொட்டால் எழுதி முடிக்க மாட்டேன் என்றுதான் தள்ளிப்போட்டேன்.

முதலில், அது மீட்டர் கேஜ். நம் ரயில்வே பேச்சில் நேரோ கேஜ் வேறு, மீட்டர் கேஜ் வேறு. மாடல் உலகத்தில் இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கும். 1:87 அளவில் 12 மில்லிமீட்டர் டிராக், எச்0எம் என்பார்கள். ஜெர்மனியில் பெமோ கம்பெனி சுவிஸ் மலை ரயில்களை இந்த அளவில்தான் செய்கிறது, பல்சக்கரப் பாதைக்கான டிராக்கும் அவர்களிடம் உண்டு. ஊட்டி ரயிலை இழுக்கிற எக்ஸ் வகை நீராவி எஞ்சினும் சுவிஸ் பிறப்புதான். வின்டர்தூரில் எஸ்எல்எம் என்ற தொழிற்சாலை கட்டியது, 1914-லிருந்து 1952 வரைக்கும் 17. சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா மலைப்பாதைக்கு எஞ்சின் செய்த அதே தொழிற்சாலை. அதனால் பெமோ ஒரு நாள் நம் எக்ஸ் வகையையும் செய்வார்கள் என்று பத்து வருஷமாக எனக்குள் ஒரு ஆசை.

ஆசைதான், நம்பிக்கை என்று சொல்ல வரவில்லை. எக்ஸ் வகை சாதாரண எஞ்சின் இல்லை. நாலு சிலிண்டர். கீழே இரண்டு, தண்டவாளத்தில் உருள்கிற சக்கரங்களுக்கு. அதற்கு மேலே இரண்டு, நடுவில் இருக்கிற பல்பட்டையைப் பிடித்து ஏறுகிற பல்சக்கரத்துக்கு. கல்லாறு தாண்டியதும் மேலேயும் கீழேயும் இரண்டு ஜோடித் தண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாத தாளத்தில் ஆடும் பாருங்கள், அதைக் கேட்டுக்கொண்டே குன்னூர் வரைக்கும் போகலாம். அந்த அசைவை 87-ல் ஒரு பங்காகச் செய்து, ஓடவும் வைத்து, உடையாமல் பார்சலில் அனுப்ப வேண்டும். நீல நிறம் ஒன்றுதான் எல்லோர் மனதிலும் இருக்கிறது, வேறு நிறம் போட்டு விற்கவும் முடியாது.

பிப்ரவரி 12

நேற்று எழுதியதைத் தூங்கி எழுந்து படித்தேன். நிறம் பற்றிச் சொன்னது அவசரம். 2011-லிருந்து திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிய எக்ஸ் வகை எஞ்சின்கள் கட்டினார்களே, எண்ணெயில் எரிகிறவை. சுவிஸ் நிலக்கரி எஞ்சின் ஒன்று, பொன்மலை எண்ணெய் எஞ்சின் ஒன்று என்று குறைந்தது இரண்டு வகை விற்கலாம். என் மாமா பொன்மலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஓடுகிற எஞ்சினுக்கே பல்சக்கரத்தைச் சரியாக உட்கார வைக்க எங்களுக்கு மூச்சு வாங்கும், உன் பொம்மைக்கு யார் வைப்பார்கள்" என்று கேட்டார். பிறகு அவரே உட்கார்ந்து காகிதத்தில் பக்கவாட்டுப் படம் வரைந்துகொடுத்தார், அளவுகளோடு. அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. ஊட்டி ரயிலில் எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளிக்கொண்டு போகும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்மேன். மாடலில் தள்ளிக்கொண்டு போவது ரொம்பத் தொல்லை, கப்ளிங் சரியில்லை என்றால் முதல் வளைவிலேயே பெட்டி தடம் புரளும்.

பிப்ரவரி 20

டொராண்டோவிலிருந்து ஒருவர் களனிவெளிப் பாதையைக் கேட்டிருக்கிறார். கொழும்பிலிருந்து அவிசாவளைக்கு அந்த ரயிலில் அப்பாவோடு போன நினைவை எழுதியிருந்தார், இரண்டு தடவை படித்தேன். அது 2 அடி 6 அங்குலம், 762 மில்லிமீட்டர். 1990களில் அகலப் பாதையாக மாற்றிவிட்டார்கள். 1:87 அளவில் 9 மில்லிமீட்டர் டிராக் அதற்கு ஏறக்குறையச் சரியாகப் பொருந்தும், கால்கா – சிம்லாவுக்கும் அப்படித்தான். ஐயா, அதற்கு ரெடிமேட் எஞ்சின் வரும் என்று என்னால் உங்களுக்கு ஆசை காட்ட முடியாது. பெட்டிகளை மட்டும் படம் பார்த்து பிளாஸ்டிக் தகட்டில் வெட்டிச் செய்யுங்கள். முதல் பெட்டி கோணலாக வரும், மூன்றாவது நன்றாக வரும்.

மார்ச் 4

ஜனவரியில் "காத்திருங்கள்" என்று எழுதினேன். அதை இப்போது பாதி திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

போன மாதம் முழுக்க ஒரு பி வகையின் மேல்கூட்டை ரெசினில் 3டி பிரிண்ட் எடுத்து, கேட்டோ 11-103 என்ற, மோட்டாரும் சக்கரமும் உள்ள சின்னச் சேசிஸ் (அடிப்பாகம்) மேல் உட்கார வைக்கப் பார்த்தேன். 009 செய்கிறவர்களில் பாதிப் பேர் அந்தச் சேசிஸை ஒரு தடவையாவது வாங்கியிருப்பார்கள். மேல்கூடு அழகாக வந்தது. பாய்லர் மேல் நிலக்கரிப் பெட்டி, வளைந்த கூரை, எல்லாமே. ஓடவிட்டதும் மனசு இறங்கிவிட்டது. பி வகையின் உயிரே வெளியில் ஆடுகிற தண்டுகள்தான். இந்தச் சேசிஸில் தண்டு கிடையாது, டிராமுக்கும் சின்னச் சரக்கு வண்டிக்கும் செய்தது. இரண்டாவது, வேகம். நிஜ வண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் போகும் என்று வைத்தால், 1:76 அளவில் ஒரு மீட்டரைக் கடக்க 18 விநாடி ஆக வேண்டும். என்னுடையது அப்படி மெதுவாக ஓட்டினால் விக்கி விக்கி நின்றது. நிற்காமல் ஓடிய குறைந்த வேகத்தில் 7 விநாடி. பார்க்கவே பிடிக்கவில்லை.

அப்போதுதான் தோன்றியது, நாம் கம்பெனிகளிடம் கேட்பதே தவறோ என்று. பி வகை வேண்டும், எக்ஸ் வகை வேண்டும் என்று எஞ்சின் எஞ்சினாகக் கேட்கிறோம். எல்லாருக்கும் தனித்தனி ஆசை. நமக்கு வேண்டியது தண்டுகள் வைத்த, நாலு சக்கரச் சின்னச் சேசிஸ் ஒன்று, தனியாக விற்பனைக்கு, நல்ல கியரோடு, 18 விநாடியில் ஒரு மீட்டர் ஊர்கிற மாதிரி. அது ஒன்று கிடைத்தால் டார்ஜிலிங்காரர் தன் மேல்கூட்டைப் போடுவார், கரும்பு ஆலை எஞ்சின் செய்கிறவர் தன்னுடையதைப் போடுவார். பிரிண்டர் இப்போது நிறையப் பேரிடம் இருக்கிறது, வடிவம் வரைகிற பையன்களும் இருக்கிறார்கள். ஓடுகிற பாகம்தான் நம்மால் வீட்டில் செய்ய முடியாதது.

மார்ச் 5

"அப்படியானால் ரெடிமேட் பி வகை வந்தால் வாங்க மாட்டீர்களா?" முதல் நாளே வாங்குவேன், இரண்டு. ஒன்று நீலம், ஒன்று பச்சை.

மார்ச் 16

இந்தியத் தொடர்புள்ள ரெடிமேட் எஞ்சின் ஒன்று ஏற்கனவே இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். பாக்மனின் பால்ட்வின் 4-6-0 (எண்கள் சக்கரங்களின் வரிசை). முதல் உலகப் போரில் அகழிகளுக்குக் குண்டும் உணவும் கொண்டுபோக பிரிட்டிஷ் ராணுவத்துக்காக 495 கட்டினார்கள். போர் முடிந்ததும் மிச்சமானவற்றில் சில இந்தியாவுக்கு வந்து, உத்தரப் பிரதேசத்துச் சர்க்கரை ஆலை ஒன்றில் கரும்பு இழுத்தன. 1980களில் இரண்டைத் திரும்ப இங்கிலாந்துக்கே கொண்டுபோனார்கள். ராணுவ எழுத்துகளை அழித்து, கொஞ்சம் துரு, கொஞ்சம் கரும்புச் சக்கை, பின்னால் நாலு வண்டி நிறையக் கரும்பு. விளக்குமாற்றுக் குச்சியை நறுக்கி வைத்தால் கரும்பு மாதிரியே இருக்கும், செய்து பார்த்தேன்.

ஏப்ரல் 6

மெதுவாக ஓடாத சேசிஸுக்கு ஒருவர் வழி சொன்னார், பலித்தது. மோட்டாரைக் கட்டுப்படுத்துகிற டிகோடர் என்ற சின்ன சர்க்யூட்டை எஞ்சினுக்குள் திணிக்கப் பார்க்காமல் பின்னால் வருகிற பெட்டிக்குள் வைத்து, இரண்டையும் மெல்லிய ஒயரால் நிரந்தரமாக இணைத்துவிட்டேன். பெட்டிக்குள் ஒரு பெரிய கெபாசிட்டருக்கும் இடம் கிடைத்தது, தண்டவாளம் பிரிகிற பாயின்ட் மேல் கரன்ட் விட்டுப்போனாலும் இப்போது நிற்பதில்லை. பெட்டியின் நாலு சக்கரமும் கரன்ட் எடுக்கின்றன. எஞ்சின் கூட்டுக்குள் காலியான இடத்தில் மீன் தூண்டிலுக்குப் போடுகிற ஈயக் குண்டுகளை ஒட்டினேன். அதிக வேகத்தை டிகோடரில் குறைத்தேன். தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்தேன், இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

ஒரு மீட்டருக்கு 16 விநாடி. ஐந்து தடவை எடுத்துப் பார்த்தேன், 15-க்குக் கீழே போகவில்லை. மூன்று பெட்டி மாட்டி, 228 மில்லிமீட்டர் வளைவில் ஏற்றத்தோடு ஓடவிட்டேன், வழுக்கவில்லை.

தண்டுகளுக்குப் பித்தளைக் கம்பியில் ஏதாவது செய்ய முடியுமா என்று மாமா பார்த்துக்கொண்டிருக்கிறார். சக்கரத்தில் ஊசி முனை அளவுக்குத் துளை போட வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு சேசிஸ் கூடுதலாக ஆர்டர் போட்டிருக்கிறேன்.